தடை போடுவதற்கு முன் வாசல் கேட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் நாங்கள் நாலைந்து பேர் தினமும் காலையில் கூடுவோம். நாய் கடித்த செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "இந்த ராட்வைலர், பிட்புல் எல்லாவற்றையும் அடியோடு தடை செய்யணும்." 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில், 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியபோது அந்தப் பேச்சு ஒரு வாரம் ஓயவில்லை. அந்தச் சிறுமி பூங்காக் காவலாளியின் மகள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் பேத்தி இருக்கிறாள். ஆனாலும் தடை என்ற பேச்சுக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை.

நான் சிங்கப்பூரில் 29 வருடம் தபால்காரனாக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் சிராங்கூன் கார்டன், சிலேத்தார் ஹில்ஸ் பக்கத்துத் தரைவீடுகள், அதாவது அடுக்குமாடியில் இல்லாமல் சொந்தக் கேட்டோடு இருக்கும் வீடுகள். எந்த வீட்டில் எந்த நாய், எந்தக் கேட்டில் கொண்டி சரியாக விழாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு வீட்டில் டாபர்மேன் இருந்தது. வயதான சீனப் பாட்டி ஒருவர்தான் அதை வளர்த்தார். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உள்ளிருந்து "துங்கு, துங்கு" (மலாயில் "பொறு, பொறு") என்று குரல் வரும். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது, மலாயில்தான் பேசிக்கொள்வோம். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே கொண்டுபோவார். கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவார். சாத்திய பிறகு ஒருமுறை கையால் தள்ளிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கேட்டுக்கு வந்து பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்காமல் வந்ததில்லை.

என்னைக் கடித்தது வேறு வீட்டு நாய். வெள்ளை நிறம், ஒரு கையில் தூக்கிவிடலாம். வீட்டுக்காரர் காரை உள்ளே விட்டார், தானியங்கிக் கேட் மெல்ல மூடிக்கொண்டிருந்தது, அந்த இடைவெளியில் ஓடிவந்து என் இடது கெண்டைக்காலைக் கவ்வியது. உதறியும் விடவில்லை. கையிலிருந்த கடிதங்கள் ஈரத் தரையில் சிதறின, அவற்றைப் பொறுக்கிய பிறகுதான் கால்சட்டை நனைந்திருப்பதே தெரிந்தது. நாலு தையல். வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கிச் சொன்னது: "சின்ன நாய்தானே, விளையாடுது." ஊரிலிருந்து அம்மா போனில் அழுதார், தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களா என்று. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாகிவிட்டது என்று அவருக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.

நான் புகார் கொடுக்கவில்லை. சின்ன நாய்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் எனக்குப் பின்னால் அந்த வழியில் போன இளைஞரையும் அதே நாய் கடித்தது.

நம் சட்டம் சும்மா இல்லை. பிட்புல், அகிதா, தோசா போன்ற இனங்களைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரவே முடியாது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருந்தால் வெளியே போகும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம், பயிற்சி வகுப்பு கட்டாயம், 100,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) காப்புறுதியும் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இந்த நாய்களுக்கு இடமே இல்லை. இவை எதையும் நான் தளர்த்தச் சொல்லவில்லை. பெரிய நாயின் தாடைக்கும் சின்ன நாயின் தாடைக்கும் உள்ள வித்தியாசம் என் காலுக்குத் தெரியும். அந்த வெள்ளை நாய் இருந்த இடத்தில் ஒரு ராட்வைலர் இருந்திருந்தால் நான் அன்றே வேலையை விட்டிருப்பேன்.

ஆனால் பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் நிம்மதி வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. பிரிட்டன் 1991லேயே பிட்புல் உட்பட நாலு வகை நாய்களைத் தடை செய்தது. அப்புறம் பட்டியலில் இல்லாத எக்ஸ்எல் புல்லி என்ற புது வகை வந்தது, அது ஆட்களைக் கொன்றது, கடைசியில் 2024 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதையும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். நாயை முரடாக வளர்க்க நினைக்கிறவன் ஒரு இனம் போனால் இன்னொன்றைத் தேடிக்கொள்வான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. சாயங்காலம் தரைவீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். நாயோடு நடப்பவர்கள் பெரும்பாலும் பணிப்பெண்கள். தன் எடைக்கு எடை இருக்கிற ராட்வைலரை ஒரு பெண் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி, கயிறு மணிக்கட்டைச் சுற்றியிருக்க, பாதி சறுக்கிக்கொண்டே போனதை நானே பார்த்திருக்கிறேன். பயிற்சி வகுப்புக்குப் போனது வீட்டு ஐயாவாக இருக்கலாம். கயிறு இருப்பது இந்தப் பெண் கையில். நாய் பாய்ந்தால் முதலில் விழுவது அவள்தான். வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லவும் அவளால் முடியாது. கயிற்றைப் பிடிக்கிறவர் யாரோ அவரும் அந்த நாயோடு பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று விதி வந்தால், அதை நான் மனதார வரவேற்பேன்.

இன்னொன்று. எங்கள் காலத்தில் தபால்காரன் ஒரே ஆள், ஒரே சீருடை, ஏறக்குறைய ஒரே நேரம். மாதம் போகப் போக நாய்க்கு நம்மைத் தெரிந்துவிடும். இப்போது என் அக்கா மகன் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்கிறான். ஒரு நாள் ஒரு பேட்டை, மறுநாள் வேறு பேட்டை, சில சமயம் இரவு ஒன்பது மணி. நாய்க்கு அவன் ஒவ்வொரு தடவையும் புது ஆள். "கேட்டைத் திறந்து உள்ளே வாசலில் வைத்துவிடவும்" என்று குறிப்பு எழுதுகிறவர்கள் பின்பக்கம் நாய் இருப்பதை எழுதுவதில்லை. அவன் இப்போது வெளியே நின்று இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டில் கை வைக்கிறான்.

அதனால் நாய் உரிமங்களைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகத்திடம் நான் கேட்பது இதுதான். இனம் எதுவானாலும், ஆளை ஒருமுறை கடித்த நாய்க்கு வெளியே வாய்மூடி போடச் சொல்லுங்கள், அது கையில் தூக்குகிற நாயாக இருந்தாலும் சரி. தரைவீட்டில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் மணியையும் தபால்பெட்டியையும் கேட்டுக்கு வெளிப்பக்கம் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடி வாங்கிய தொழிலாளர்கள், சின்னக் காயமாக இருந்தாலும், தயங்காமல் புகார் கொடுங்கள்.

நாய் வைத்திருக்கும் தரைவீட்டு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று சாயங்காலம் கேட்டைச் சாத்திவிட்டு, அந்தப் பாட்டி செய்ததுபோல் ஒருமுறை கையால் தள்ளிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
ஈசூன்