பெட்டிக்குள் இருப்பது என்ன என்று சொல்லிக் கொடுங்கள்

மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி. 2018-லும் 2023-லும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு வயதான வண்டியை வைத்திருப்பவன் மாதம் ஒரு முறையாவது உங்கள் கவுண்டரில் வந்து நிற்பான். அந்த உரிமையில்தான், கடையில் கலந்து வரும் டூப்ளிகேட் பாகங்களைப் பற்றி இதை எழுதுகிறேன்.

போன வருஷம் பின்சக்கர வீல் சிலிண்டருக்கு (பிரேக் மிதித்தால் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை) கிட், அதாவது உள்ளே போடும் ரப்பர் சாமான் செட், மாற்றினேன். பார்க்க கம்பெனிப் பெட்டி மாதிரியேதான் இருந்தது, ஹோலோகிராம் உட்பட. மூன்றாவது வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு சிறுமலைக்குப் போய்விட்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் கிட்டத்தட்ட தரை வரைக்கும் போய்விட்டது. முதல் கியருக்கு மாற்றி, பெடலை விட்டு விட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

மறுநாள் மெக்கானிக் இடது பக்க டிரம்மைக் கழற்றினார். பிரேக் ஷூ முழுக்க ஆயில். சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் வாஷர், இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, விளிம்பு மடங்கிக் கிடந்தது. நகத்தால் கீறினால் துணுக்காக வந்தது. பிரேக் ஆயிலைத் தாங்குகிற ரப்பரே இல்லை அது. வாங்கிய கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க கொடுத்த காசுக்கு அதுதான் சார் வரும்" என்றார்கள். நான் விலை பேசவே இல்லை. கேட்ட காசைக் கொடுத்தவன். இரண்டு விலையில் இரண்டு சரக்கு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கூடுதல் விலையுள்ளதைத்தான் வாங்கியிருப்பேன்.

அதற்காக எல்லாவற்றையும் கம்பெனி பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது நடக்கவும் நடக்காது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு பிளாஸ்டிக் போன்றவற்றுக்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் ஸ்டாக் இல்லை என்ற பதில்தான் வருகிறது. அப்புறம், கார் கம்பெனி தன் பெயர் போட்டு விற்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றை அது தானே செய்வதும் இல்லை. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் கார் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கின்றன, தங்கள் சொந்தப் பெட்டியில் கடைகளுக்கும் கொடுக்கின்றன. அந்தப் பெட்டி எனக்குப் போதும். வண்டியில் முதலில் பூட்டி வந்ததும் அதுவும் ஒரே தரமா என்பதைப் பாகத்துக்குப் பாகம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லக்கூடியவர் தினமும் இரண்டையும் கையில் எடுக்கிற நீங்கள்தான்.

'கம்பெனியா, லோக்கலா?' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதிலேயே பாதி விஷயம் மறைந்துபோகிறது. கார் கம்பெனிப் பெட்டி ஒன்று. அதற்குச் சப்ளை செய்பவரின் சொந்தப் பெட்டி இன்னொன்று. வேறு ஒருவர் தன் சொந்தப் பெயரில் நாணயமாகச் செய்து விற்பதும் உண்டு; ஏர் ஃபில்டர், வைப்பர், ஹாரன், பல்பு எல்லாம் நான் அப்படித்தான் வாங்குகிறேன், ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கும் கதவுக்கும் புதுப்பேட்டை காயலான் கடைச் சரக்கே மேல். பழசாக இருந்தாலும் ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்காரும். ஆனால் அடுத்தவன் பெயரை அச்சடித்து வருகிற டூப்ளிகேட்டை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் மூன்றிலும் அது உயிரோடு விளையாடுவது. அதையும் 'லோக்கல்' என்ற ஒரே சொல்லில் போட்டு விற்கும்போது, நல்ல சரக்கு செய்கிற சின்னக் கம்பெனிக்காரர் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

ஒரிஜினலிலும் ஒன்று கவனிக்கச் சொல்கிறேன். ரப்பர் பாகம் அலமாரியில் கிடந்தாலே இறுகி வெடித்துவிடும். பெட்டியில் எம்.ஆர்.பி. பக்கத்தில் மாதமும் வருஷமும் இருக்கும். பழைய வண்டிக்கான சரக்கு மெதுவாகத்தான் போகும், தெரியும். ஆனாலும் எட்டு வருஷம் கிடந்த இன்ஜின் மவுண்டிங்கை 'ஜெனூன்' என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்காதீர்கள்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது நினைவிருக்கும். வெளிக் கடைகளுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் உதிரிபாகம் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் உங்களிடம் வாங்கலாம், பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் மாட்டலாம் என்ற என் உரிமைக்காக ஓர் அரசு அமைப்பு நின்று பேசியது எனக்குப் பெரிய விஷயம். உங்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. டூப்ளிகேட் விற்கிற ஒவ்வொரு கடையும், 'வெளியில் வாங்காதீர்கள்' என்று சொல்லும் கம்பெனிகள் கையில் ஓர் ஆதாரத்தைக் கொடுக்கிறது.

நான் கேட்பது பெரிதில்லை. பில்லில் 'பிரேக் கிட் 1 செட்' என்று மட்டும் எழுதாதீர்கள். தயாரித்தவர் பெயரையும் பார்ட் நம்பரையும் எழுதுங்கள். 'பில் போட்டால் ஜி.எஸ்.டி. கூடும்' என்று பயமுறுத்த வேண்டாம். 2025 செப்டம்பர் 22-லிருந்து வண்டி உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான், பழைய 28 இல்லை. மெக்கானிக் சீட்டு எழுதி அனுப்பினாலும், வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டூப்ளிகேட்டில் கமிஷன் அதிகம் கிடைக்கிறது என்பதால் மெக்கானிக் அதைக் கேட்டால், பிரேக் சாமானிலாவது 'இல்லை' என்று சொல்லுங்கள்.

அடுத்த மாதம் லோயர் ஆர்ம் புஷ்ஷும் டைமிங் பெல்ட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. வாங்க வருவேன். எது யார் செய்தது, எந்த வருஷத்துச் சரக்கு, விலை ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று இரண்டு பெட்டியையும் கவுண்டரில் வைத்துச் சொல்லுங்கள். எதை எடுப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாருதி 800 வண்டிக்காரன்,
மதுரை