புக்லெட் பத்தாது, கூட ஒரு ஆளு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பெருங்குடல் புற்றுநோய் பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், மலத்துல ரத்தம் வந்தா மூலம்தானேன்னு விட்டுறாதீங்கன்னு அழுத்திச் சொன்னதுக்கு தனியா நன்றி. ஆனா ஆபரேஷன், கீமோ (புற்றுநோய்க்கு குடுக்கற மருந்து சிகிச்சை) எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்யணும்ங்கற எடத்துல "உடற்பயிற்சி நல்லது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க.

2025 ஜூன்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல சேலஞ்ச்னு ஒரு ஆய்வு வந்துச்சு. கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்து ஆறு நாட்டுல 889 பேரு, அத்தன பேரும் ஆபரேஷனும் கீமோவும் முடிச்சவங்க. பாதி பேருக்கு உடற்பயிற்சி பத்தின புக்லெட் மட்டும் குடுத்தாங்க, மீதி பேருக்கு அதோட மூணு வருஷம் கூடவே இருந்து சொல்லிக்குடுக்க, பயிற்சி ஏன் நின்னுபோச்சுன்னு கேக்க ஒரு ஆளையும் போட்டாங்க. எட்டு வருஷக் கணக்குல பயிற்சி எடுத்தவங்கள்ல 90 சதவீதம் பேரு உயிரோட, புக்லெட் ஆளுங்கள்ல 83. நோய் திரும்புறதும் கம்மி. செஞ்சது என்ன பெரிய ஜிம்மா, பலபேரு வாரத்துல மூணு நாலு நாள் முக்கா மணி ஒரு மணி நேரம் வேகமா நடந்தாங்க, அவ்ளோதான். மூட்டுவலி தசைவலி கொஞ்சம் கூட இருந்துச்சு, அதனாலதான் பாத்துக்க ஆளு வேணும்ங்கறேன். கீமோவுக்கு பதிலா நடைன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது, கீமோ முடிச்சவங்களுக்குத்தான் இது.

எங்க அப்பச்சி கீமோ முடிஞ்சு வந்தப்ப சொந்தபந்தம் பூரா "அசையாம படுங்க"ன்னுதான் சொன்னாங்க, ஆஸ்பத்திரிலயும் எப்படி எவ்வளவு நடக்கணும்னு ஒருத்தரும் சொல்லல. முகப்புலேர்ந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் அவ்ளோ பெரிய வீடு, அதுல அவர ஒரு ரூமுக்குள்ளயே வச்சிருந்தோம். இத்தனைக்கும் தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்தே போற சனம் நாம. ஆனா அது வருஷத்துக்கு ஒருதடவ, இதுக்கு வாராவாரம் விடாம நடக்கணும்.

நோய் வராம தடுக்கறதுலயும் நடைக்கு பங்கு இருக்குன்னு பெருங்குடல் விஷயத்துல நல்ல ஆதாரமே இருக்கு. அதுனால ஊருணிக்கரைல சுத்தி நடக்கற மாதிரி பாதையும் லைட்டும் போட்டுக் குடுத்தா பொம்பளைங்களும் சாயங்காலம் தைரியமா போவாங்க. காரைக்குடி, மதுரைல இருக்கற புற்றுநோய் டாக்டர்கள், பிசியோதெரபி பண்றவங்ககிட்ட பேசி, கீமோ முடிச்சவங்க முதல் மாசம் எவ்வளவு நடக்கலாம், யார்கிட்ட கேக்கணும், எப்ப நிறுத்தணும்னு வெவரமா அடுத்த இதழ்ல போடுங்க.

இப்படிக்கு,
வாசகி, தேவகோட்டை