அண்டர்டோன்ஸின் முதல் ஆல்பம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். எனக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது, எந்த ஊர் என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம், மகன் கிட்டார் கற்றுக்கொள்கிறான், பங்க் என்கிற அந்த வேகமான, முரட்டு ராக் இசையில் முதலில் எதைக் கேட்கச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். நான் என்ன சொல்வேன் என்று உனக்கே தெரியும். 1979-ல் வந்த அண்டர்டோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம்தான். ஹாஸ்டலில் கேசட் தேயத் தேயக் கேட்டோமே, அதேதான். இன்றும் மாதம் ஒரு முறையாவது கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

அவர்களுக்கு, பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தில் டெர்ரி என்ற ஊர். ஓ'நீல் சகோதரர்கள் ஜானும் டேமியனும் கிட்டார், மைக்கேல் பிராட்லி பேஸ், பில்லி டோஹர்ட்டி டிரம்ஸ், பாடுவது ஃபியர்கல் ஷார்க்கி. உள்ளூரில் கஸ்பா என்ற பப்பில் வாசித்து வாசித்தே தேறியவர்கள். பெல்ஃபாஸ்டில் ரெக்கார்டு கடை வைத்திருந்த டெரி ஹூலி, 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டை 1978-ல் தன் சின்ன ரெக்கார்டு கம்பெனியில் வெளியிட்டார். பிபிசி வானொலியில் இசை நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல் அதைப் போட்டு, முடிந்த கையோடு மறுபடியும் போட்டார். பின்னாளில் பீலின் கல்லறைக் கல்லில் அந்தப் பாட்டின் வரியைத்தான் பொறித்தார்கள்.

டெர்ரியில் 1972 ஜனவரியில் சிவில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு அன்றே 13 பேர் செத்தார்கள். இந்தப் பையன்கள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். தெருவில் ராணுவம் நிற்கும் ஊரிலிருந்து வந்துவிட்டு, பெண்களைப் பற்றியும் கோடை விடுமுறையைப் பற்றியும் பாடுகிறீர்களே என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சண்டை நடக்கும் ஊரிலும் பதினேழு வயதுப் பையனுக்கு எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்த வயதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற பிடிவாதம் பாட்டுக்குப் பாட்டு கேட்கிறது. ஊர்த் துயரம் தெரியாதவர்களும் இல்லை. 1981-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. அமைப்பின் பாபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்த வாரம், டேமியன் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு டிவியில் வாசித்தார்.

ஆல்பத்தில் 'ஜிம்மி ஜிம்மி' பாட்டை மட்டும் நீ தனியாக உட்கார்ந்து கேள். மெட்டு துள்ளிக்கொண்டு போகும், கூடவே பாடத் தோன்றும். வார்த்தையைக் கவனித்தால் ஜிம்மி அம்மா பிள்ளை, சொன்ன பேச்சு கேட்கிற சின்னப் பையன். ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோகிறது, அதைக்கூட யாரும் பார்க்கவில்லை. ஷார்க்கியின் குரலில் எப்போதும் ஒரு நடுக்கம் உண்டே, இந்தப் பாட்டில் அது அடிவயிற்றைப் பிசைகிறது. பாட்டு அழுவதற்கு நிற்காமல் அதே வேகத்தில் முடிந்துபோகிறது. இத்தனை வருஷமாக எனக்கு இது பழகவே இல்லை.

மொத்த ஆல்பமும் கிட்டத்தட்ட அரை மணி நேரம்தான். அட்டையில் ஐந்து பேரும் ஊர்ச் சுவர் ஒன்றில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். முதலில் வந்த பதிப்பில் 'டீனேஜ் கிக்ஸ்' கிடையாது, அதே வருஷம் அக்டோபரில் மறுபடி வெளியிட்டபோதுதான் சேர்த்தார்கள். பையனுக்கு அந்தப் பதிப்பையே வாங்கிக் கொடு. கிட்டாரில் நாலைந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்கத் தெரிந்தால் பாதிப் பாட்டை வாசித்துவிடலாம். தப்பும் தவறுமாக வாசித்தாலும் தடுக்காதே, வேகம் மட்டும் குறையக் கூடாது என்று சொல்.

மாற்றல் எந்த ஊருக்கு என்று தெரிந்ததும் எழுதுகிறேன். அம்மாவை ரொம்ப நேரம் டிவி பார்க்க விடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்