நல்ல பிள்ளை என்று சொல்லிவிடாதே

கலா,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடாதது தப்புதான். நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். உனக்குத் தளி ஒன்றியத்துப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது என்று மெஸ் அக்கா சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டேன். வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று சொன்ன ஊர். நாங்கள் பென்னாகரத்து வெயிலில் வறுபடும்போது நீ ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிரேயரில் நிற்பாய். நில், நில். இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் மட்டும் பழைய கதை.

சாமான் வேலையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாததில்லை. பள்ளி திறப்பதற்கு நாலு நாள் முன்பே போய் ஜன்னல்களைத் திறந்து போடு. ஸ்டோர் ரூமில் பாய், சார்ட் கட்டு எதையும் வெறுங்கையால் தூக்காதே. குச்சியால் தட்டிவிட்டுத் தூக்கு, தேள் இருக்கும். சின்டெக்ஸ் தொட்டியை வடித்து, அடிச்சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்து ஊறவிட்ட பிறகு அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகத்தான் வெளியே விட வேண்டும். நேராகக் கவிழ்த்து ஊற்றினால் குழாய்க்குள் தங்கிய அழுக்கு முதல் நாள் பிள்ளைகளின் டம்ளரில் வரும். சார்ட்டெல்லாம் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் ஒட்டு. நம் உம்மணாமூஞ்சி சார் மாதிரி உத்தரத்தில் கட்டினால் பல்லிதான் படிக்கும். வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை, எமிஸில் (அதுதான், மாணவர் விவரம் பதியும் அரசுத் தளத்தில்) பழைய பள்ளிக்காரர்கள் தங்கள் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடாமல் உன்னால் சேர்க்க முடியாது. சேர்க்கைக்கு வந்த அன்றைக்கே அந்தப் பள்ளிக்குப் போன் போடு, தள்ளினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இதெல்லாம் கிடக்கட்டும். உன்னை நினைத்தால் எனக்கு வருகிற கவலை வேறு. நீ இத்தனை வருஷமும் அரூர்ப் பக்கம் வேலை பார்த்தவள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்களாக இருக்கலாம். உன் வாயில் ஓயாமல் வருவது "நல்ல பிள்ளை". தெலுங்கில் "நல்ல" என்றால் கறுப்பு, "பில்ல" என்றால் பெண் குழந்தை. முதல் நாள் அழுதுகொண்டு வரும் குழந்தையின் தலையைத் தடவி நீ "நல்ல பிள்ளை" என்றால் அதன் காதில் "கறுப்பி" என்று விழும். இன்னும் கொஞ்சம் அழும். "மஞ்சி பில்ல" என்று சொல்லிப் பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிரும்.

இப்படிக் கண்ணிகள் நிறைய. மரத்தைக் காட்டிக் கேட்டால் தெலுங்குப் பிள்ளை "செட்டு" என்னும். செடிக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்துவிடாதே. அவர்களுக்கு மரமே செட்டுதான். காலை உணவு முடிந்து வரும் பிள்ளை "தின்னுட்டேன்" என்றால் மரியாதைக் குறைவு இல்லை, வீட்டில் அம்மா "தின்னாவா?" என்றுதான் கேட்கிறாள். கன்னடப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு: சொல்லின் முதலில் நமக்கு ப வரும் இடத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஹ. ஹாலு பால், ஹல்லு பல், ஹத்து பத்து, ஹுலி புலி, ஹூவு பூ, ஹாவு பாம்பு, ஹாடு பாடு. இதைக் கைதட்டி விளையாட்டாக்கிவிட்டால் ஒரே காலையில் ஏழு சொல் தமிழில் வந்துவிடும்.

உண்மையான சிக்கல் எழுத்தில்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் வல்லொலிக்கு ஒரு எழுத்து, மெல்லொலிக்கு வேறு எழுத்து. நமக்கு ஒரே க, ஒரே ப. "காகம்" என்று கரும்பலகையில் எழுதி வாசித்துக் காட்டு. முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது க வேறு மாதிரி ஒலிப்பது நம் காதில் விழுவதே இல்லை. அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது. இரண்டுக்கும் ஏன் ஒரே எழுத்து என்று முழிக்கிறது. நாம் மந்தம் என்று எழுதி வைக்கிறோம். விதி எல்லாம் சொல்லாதே, ஜோடியாகக் காட்டு: பந்து – அன்பு, தட்டு – வந்து, கல் – சங்கு. சொல்லின் முதலிலும் இரட்டித்தும் வந்தால் அழுத்தம், காகத்தில் போல உயிரொலிகளுக்கு நடுவிலோ, மெல்லெழுத்துக்குப் பின்னாலோ வந்தால் மென்மை. இரண்டு வாரம் கேட்டால் அதுகளே பிடித்துக்கொள்ளும். ழகரத்துக்கு மட்டும் பிரம்பைத் தூக்காதே. அந்த இரண்டு மொழியிலும் இப்போது அந்த ஒலி இல்லை, நீயும் நானும் வீட்டில் சொல்வது "வாளப்பளம்" தானே!

செய்ய வேண்டியது இது. ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி போடு. தமிழ், தெலுங்கு, கன்னடம், எல்லாமே தமிழ் எழுத்தில். பள்ளி திறப்பதற்கு முன் சத்துணவு ஆயாவையும் நாலாவது, ஐந்தாவது படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து நாற்பது சொல் வாங்கு: தண்ணீர், வலி, பசி, ஒன்றுக்கு, பயம், அம்மா எப்போது வருவாள், களி (தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தே), ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள். பாடச் சொற்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைதான் மறுநாள் வராமல் நின்றுவிடும். உட்காரவைக்கும்போது தமிழ் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் இடையில் இரண்டு மொழியும் தெரிந்த ஒன்றை நடுவில் போடு. முதல் மூன்று வாரம் சொல்வதை எழுதுதல் வேண்டாம். எழுத்தையும் அ, ஆ என்று தொடங்காமல் நேர்கோட்டு எழுத்தில் தொடங்கு: ட, ப, பிறகு ம. "படம்" என்று முழுச் சொல்லே கிடைத்துவிடும்.

எனக்கு உறுத்துவது அடிப்படை மதிப்பீடு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிக்கிறோம். பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்றால் அரும்பு என்று தட்டிவிட்டு அடுத்ததைக் கூப்பிடுகிறோம். எல்லோரும் செய்கிறோம், நானும்தான். தமிழில் பேசாத பிள்ளைக்கு எண்ணத் தெரியாது என்று யார் சொன்னது? புளியங்கொட்டையைக் குவித்து வைத்து "பதி தீஸ்கோ" என்றால் சரியாகப் பத்து எடுத்துவிடும். கணக்கில் அது மொட்டு, தமிழில் மட்டும் அரும்பு. இரண்டையும் தனித்தனியாகப் பார். ஒரே கணிப்பில் போட்டுவிட்டால் அந்த வருஷம் முழுக்க அது ஒன்று, இரண்டு, மூன்று என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

புளியங்கொட்டை இங்கே கோணிக்கணக்கில் கிடக்கிறது. வறுத்துத் தின்றுவிட மாட்டாய் என்று சத்தியம் செய்தால் இருநூறு எண்ணி அனுப்புகிறேன். உன் நோட்டின் முதல் பக்கத்தை நகல் எடுத்து எனக்கு ஒன்று போடு. ஏரியூர்ப் பக்கம் இந்த வருஷம் எனக்கும் இரண்டு கன்னடப் பிள்ளைகள் வருகின்றன.

உன்,
கடைசி பெஞ்சு