ஒற்றைத் தாள் போடும் வாய்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஆடி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆவணி பிறந்ததும் மூச்சு விட நேரமில்லை. ஆடியில் யார் கிரயம் பண்ணுகிறார்கள், யார் வீடு மாறுகிறார்கள்? ஆவணி முதல் முகூர்த்தத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுத்தும் கூட்டம் அடங்குவதில்லை. பத்திர எழுத்தர்கள் இரண்டு பேருக்கு நான் டைப் செய்து கொடுப்பதால், அந்தக் கூட்டத்தில் பாதி என் வீட்டுத் திண்ணையில்தான் காத்திருக்கும்.

உன் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று படித்ததும் இவரிடம் சத்தம் போட்டுச் சொன்னேன். வளைகாப்பு தேதி குறித்ததும் சொல். ஐப்பசியில் வைத்தால் மழையானாலும் வந்துவிடுவேன்.

அப்புறம், டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எடுக்கப் பிரிண்டர் வாங்கலாமா, நான் வாங்கிய புதுசு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய் போடி. இதைப் பற்றிப் புலம்ப ஆள் கிடைக்காமல்தான் இருந்தேன். இவரிடம் சொன்னால் "வாங்கும்போது நீதானே பார்த்து வாங்கினே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பழையது போன கோடையில் கண்ணை மூடிவிட்டது. டோனர் தூளைச் சூட்டில் அழுத்தித் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசர் என்ற பாகம் போய்விட்டது. பார்வைக்கு எழுத்தெல்லாம் பளிச்சென்று விழும், விரலால் தடவினால் "இதனடியில் கண்ட சொத்து" என்ற வரி அப்படியே கையோடு வரும். மெக்கானிக் தம்பி பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்குச் சாமான் வர்றதில்லக்கா" என்றான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. இத்தனை வருஷம் அதற்கு உருளை மாற்றி, டோனர் ரீஃபில் செய்து ஓடவைத்ததே அவன்தான்.

புதியதும் லேசர்தான். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான் என்று கடைக்காரரே சொன்னார். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை வைத்துப் பார்த்தால் பழையதைவிட எல்லாவற்றிலும் ஒரு படி மேல். நிமிடத்துக்கு 30 பக்கம். தானாகவே இரண்டு பக்கமும் அடிக்கும். செல்போனிலிருந்து நேரே அடிக்கலாம். ஆள் பாதி மேசையைத்தான் அடைக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வாடகை ஒப்பந்தம் எடுக்க உட்கார்ந்தபோதுதான், அந்தப் பெட்டியில் எழுதாமல் விட்டது என்ன என்று தெரிந்தது.

பழையதில் ட்ரேவுக்கு மேலே முன்பக்கத்தில் குறுகலாக ஒரு வாய் இருக்கும். ஒற்றைத் தாள் போடுவதற்கு. இரண்டு பக்கமும் நகர்த்துகிற மாதிரி ஒரு ஜோடி பிளாஸ்டிக் காது. முத்திரைத்தாளை அதில் நுழைத்து, காதுகளைத் தாளோடு ஒட்டினாற்போல் நகர்த்திவிட்டால் போதும். கம்ப்யூட்டரில் ஒன்றும் மாற்ற வேண்டாம். அந்த வாயில் தாள் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்கும், இரண்டாம் பக்கத்திலிருந்து கீழே ட்ரேயில் இருக்கும் சாதாரணத் தாளுக்குத் தானாகப் போய்விடும். வாடகை ஒப்பந்தம் என்றால் அவ்வளவுதானே. முதல் தாள் முத்திரைத்தாள், மற்றதெல்லாம் வெள்ளைத்தாள். என் தொழிலை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்தது போல இருக்கும்.

புதியதில் அந்த வாய் கிடையாது. ஒரே ட்ரே, அடியில். முத்திரைத்தாள் அடிக்க வேண்டுமென்றால் ட்ரேயை உருவி, உள்ளே இருக்கும் ஏ4 கட்டை எடுத்து மேசைமேல் வைத்து, தாள் நீளமென்பதால் ட்ரேயின் பின்பக்கத்தை இழுத்து நீட்டி, முத்திரைத்தாளை எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்து வைத்து, கம்ப்யூட்டரில் தாள் அளவை லீகல் என்று மாற்றி, முதல் பக்கத்தை மட்டும் அடித்து, பிறகு இத்தனையையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். திண்ணையில் வீட்டுக்காரரும் குடியிருக்க வருபவரும் அட்வான்ஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்பார்கள்.

அளவை மாற்ற மறந்தாலும் அது தாளை விழுங்காமல் விடாது. பாதி வழியில் இழுத்துக்கொண்டு போய், நான் நினைத்த அளவு இது இல்லையே என்று நின்றுவிடும். போதாததற்குத் தாள் போகும் பாதை அடியிலிருந்து முதுகு வளைந்து மேலே திரும்புகிறது. முத்திரைத்தாள் கொஞ்சம் தடி. வெளியே வரும்போது ஓரம் சுருண்டு வருகிறது, சிலது மூலை மடங்கி வருகிறது. வெள்ளைத்தாள் கசங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கலாம். இதன் முதுகில் வெண்டர் பேர் எழுதி, எண் போட்டு, தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார். கெட்டுப்போன முத்திரைத்தாளுக்குப் பணம் திரும்பக் கேட்க 1899-ஆம் வருஷத்து முத்திரைச் சட்டத்திலேயே 49-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 100 ரூபாய்த் தாளுக்கு மனு எழுதி அலைய யாருக்குப் பொறுமை? என் கைக்காசைப் போட்டு வேறு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

தடித்த தாளுக்கென்று ஒரு செட்டிங் இருக்க வேண்டுமே என்று தேடினேன். இல்லை. மகள்தான் போனில் கண்டுபிடித்துச் சொன்னாள். கம்ப்யூட்டரோடு இணைத்ததும் விண்டோஸ், பிரிண்டரை ஓட்டும் நிரலான டிரைவரில் தன்னிடம் இருக்கும் பொதுவான ஒன்றைப் போட்டுக்கொண்டு விட்டதாம். எல்லா பிரிண்டருக்கும் பொருந்துகிற டிரைவர் என்றால், ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனியாக உள்ள வசதி அதில் காணாமல் போகும்தானே. மைக்ரோசாஃப்ட் 2023-லேயே, பிரிண்டர் கம்பெனிகள் கொடுக்கும் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியின் முழு சாஃப்ட்வேரையும் தனியாக இறக்கிப் போட்டதும் 'தடித்த தாள்' என்ற வரி வந்து உட்கார்ந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் தாள் மெதுவாகப் போகிறது, சூடு கூடுகிறது, எழுத்து நன்றாகப் பிடிக்கிறது. சுருள்வது மட்டும் சுருண்டபடிதான்.

விளக்குகள் கதையைக் கேள். பழையதில் இரண்டு வரிக்கு ஒரு சின்னத் திரை இருந்தது. தாள் சிக்கினால் சிக்கியது என்று சொல்லும், எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லும். இதில் திரை இல்லை, மூன்று விளக்குகள்தான். ஒன்று நிதானமாக மினுக்கினால் ஒரு அர்த்தம், வேகமாக மினுக்கினால் வேறு அர்த்தம், இரண்டு சேர்ந்து மினுக்கினால் இன்னொன்று. அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் கையேட்டைப் பார்க்க வேண்டும், கையேடு பெட்டியில் கிடையாது, ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்க முன்பு ஒரு பொத்தான். இப்போது அதற்கும் செல்போனில் ஆப்பைத் திறக்க வேண்டும். திரைக்கு ஆகும் காசும் பொத்தானுக்கு ஆகும் காசும் மிச்சம், அந்த வேலையை நம் செல்போன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரிந்த கணக்கு.

அந்த ஆப் முதல் நாள் இமெயில் முகவரி கேட்டது. பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. நான் எந்த ஊர், வீட்டு உபயோகமா வியாபாரமா என்றெல்லாம் விசாரித்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை. பின்னால் யு.எஸ்.பி. துளை இருக்கிறது, அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்து வைத்திருந்தார்கள், வைஃபையிலேயே போ என்று. கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். இங்கே கரண்ட் போய்ப் போய் வருவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை வரும்போதும் ரூட்டர் பிரிண்டருக்குப் புது எண் கொடுத்துவிடுகிறது, கம்ப்யூட்டர் பழைய எண்ணில் தேடிவிட்டு ஆஃப்லைன் என்கிறது. பிரிண்டரோ இங்கே விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறது. ரூட்டரில் அந்த எண்ணை நிலையாக வைக்கலாம் என்று மகள் சொன்னாள். நான் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுக் கேபிளைச் செருகினேன். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு கதை சொன்னாள். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒருவர் வேலை பார்த்தார். 1980 வாக்கில் நடந்தது. பிரிண்டர் ஓரிடத்தில் இருக்கும், அடிக்கக் கொடுத்தவர்கள் வேறிடத்தில் இருப்பார்கள். பழைய பிரிண்டரை ஓட்டும் நிரல் இவர்கள் கையில் இருந்ததால், வேலை முடிந்தால் உரியவருக்குச் செய்தி போகும்படியும், தாள் சிக்கினால் காத்திருக்கிற எல்லோருக்கும் செய்தி போகும்படியும் அதில் எழுதிச் சேர்த்திருந்தார்கள். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் புது லேசர் பிரிண்டர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. அருமையான வேகம், அருமையான எழுத்து. ஆனால் தாள் அடிக்கடி சிக்கும், சிக்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வேலை அப்படியே நின்றிருக்கும். பழைய வசதியை இதிலும் சேர்த்துவிடலாம் என்றால் நிரலைக் கொடுக்கவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டிருக்கிறார். யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கைவிரித்துவிட்டார்.

அந்தக் கோபம் அவர் மனசில் தங்கிவிட்டது. எல்லோரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருளை நாமே எழுதுவோம் என்று 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். மகள் வேலை செய்கிற இடத்தில் ஓடும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பாதிச் சங்கதி அதிலிருந்து வந்ததுதானாம். தாள் சிக்கியதைச் சொல்லாத பிரிண்டர் ஒன்றால் இத்தனையும் நடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு நான் செய்ய முடிந்தது, உனக்குக் கடிதம் எழுதுவது.

ஆனால் அந்தக் கதையைக் கேட்டதும் ஒன்று தெளிந்தது. பழையது போய்ப் புதியது வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்த நமக்கா அந்த வருத்தம்? நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைப் பெட்டியில் எழுதலாம். தாளை நுழைக்க ஒரு வாய் இருப்பதை எந்த விளம்பரத்தில் எழுதுவார்கள்? எழுத முடியாத வசதியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வாங்குகிறவருக்கும் அது இல்லாதது கடையில் தெரியாது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கம் அடிப்பதில் இதை மிஞ்ச முடியாது. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலிலிருந்து ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு நம் பக்கத்து வக்கீல்களும் ஏ4-க்கு மெல்ல மாறுகிறார்கள். முன்பு ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்து, கட்டைத் திருப்பிப் போட்டு, இரட்டைப்படையை அடிப்பேன். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் வீண். இப்போது அந்தக் கவலை இல்லை. வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அடிக்க முடிவதும் பெரிய வசதிதான், மறுக்கமாட்டேன்.

டோனர் விஷயத்தில் மட்டும் நீ கவனமாக இரு. 1500 பக்கம் வரும் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு, பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் எழுத்து விழும் என்று வைத்துப் போடுவது. என் பத்திரங்களில் மேலிருந்து கீழ்வரை எழுத்துதான், அதனால் அந்தக் கணக்கு என் பக்கமே வராது. உன் கேள்வித்தாளில் விடை எழுத இடம் விட்டிருப்பாய், உனக்கு ஓரளவு ஒத்துவரும். பிரிண்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜில் தூள் குறைவாகத்தான் போட்டிருப்பார்கள், அது சீக்கிரம் தீர்ந்தால் பயப்படாதே. தூள் எவ்வளவு தீர்ந்தது என்று கணக்கு வைக்கும் சிப் இல்லாத கார்ட்ரிட்ஜாகப் பார். சிப் இருந்தால் தூள் மிச்சமிருந்தாலும் தீர்ந்துவிட்டது என்று அடம்பிடிக்கிறது, ரீஃபில் செய்யவும் தனியாகச் சிப் வாங்க வேண்டியிருக்கிறது.

கடைக்குப் போகும்போது நீ வழக்கமாக அடிக்கும் தாள்களில் ஒவ்வொன்று கையோடு எடுத்துக்கொண்டு போ. முன்னேற்ற அறிக்கைக்கு நீ வாங்கும் அந்த மஞ்சள் அட்டையையும் சேர்த்து. கடைக்காரரை அடித்துக் காட்டச் சொல். மேசைமேல் வைத்து விலை சொல்வதோடு விடாதே. மாட்டேன் என்றால் அடுத்த கடை. திண்டுக்கல்லில் கடைக்கா பஞ்சம்?

இன்னொன்று. அங்கே டி.டி.பி. கடை ஏதாவது மூடுகிறார்கள், பழைய லேசர் பிரிண்டர் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் எனக்கு ஒரு போன் போடு. எந்த மாடலாக இருந்தாலும் சரி, முன்னால் ஒற்றைத் தாள் போடும் வாய் இருக்கிறதா, அதற்கு இன்னும் சாமான் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிடு. முத்திரைத்தாளுக்கென்று அதைத் தனியாக வைத்துக்கொள்வேன். மேசையில்தான் இடம் மிச்சமாகியிருக்கிறதே.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். மருமகளை மாடிப்படி ஏற இறங்க விடாதே. போன தடவை நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது, இவர் தினமும் மோர் சாதத்தின்போது உன்னை நினைக்கிறார்.

அன்புடன்,
மீனாட்சி