பால் கவரைக் கழுவிக் காயவை

சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். சென்ற வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நீதான் என்று ஓடி வந்து எடுத்தேன், பேசியவன் பேரன். பள்ளியில் ஒவ்வொரு மாணவனும் தன் குடியிருப்பில் ஐந்து குடும்பங்களைச் சந்தித்து, குப்பையைப் பிரித்துத் தரச் சம்மதிக்க வைக்க வேண்டுமாம். அம்மாவைக் கேட்கவில்லையா என்றேன். அம்மா தூங்குகிறார்கள் என்றான். விளக்கு வைக்கும் நேரத்தில் நீ தூங்கி நான் பார்த்ததில்லை. அது போகட்டும். அவன் கேட்டதற்கு விவரமாக எழுதுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டு.

முதலில் அவனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்ப் பெருங்குடிக் கிடங்கு இருக்கும் திசையைக் காட்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொட்டப்பட்ட அந்தக் குப்பை 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தது அவனுக்கு நினைவிருக்காது. சோறும் காய்த்தோலும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் உண்டாகும்; அது பற்றிக்கொண்டால் மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். 2024 ஏப்ரலில் இங்கே வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தபோது நாங்கள் சன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டி இயந்திரங்களால் சலித்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் நடக்கும் அந்த வேலையைச் சமையலறையில் அரை நிமிடத்தில் முடித்திருக்கலாம் என்று அவன் அந்த ஐந்து வீடுகளிலும் சொல்லட்டும்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலேயே உண்டாகும் தீங்கான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. விதியைக் காட்டினால் எந்த வீட்டிலும் கதவு திறக்காது. அவன் ஒரு வாரம் உங்கள் வீட்டுக் குப்பையைப் பிரித்து, தினமும் எடை பார்த்துக் குறித்து, அந்த நோட்டோடு போகட்டும். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பால் ஒட்டிய கவரை யாரும் தொட மாட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிடப்பதால் அதற்கு விலையில்லை. அதை வாங்காமல் இருப்பதே வழி. உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும். காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் நின்று பேசச் சொல். எது தன் கையைக் கிழிக்கிறது என்று அவரே சொல்வார்.

மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படை எங்கள் பள்ளிக்கு வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. வெயிலில் தெருத் தெருவாகச் சென்று பழைய காகிதம் சேர்த்து, எடைக்குப் போட்ட பணத்தில் மரக்கன்றுகளுக்கு வேலி கட்டினாய். டீச்சர் மகள் என்பதற்காக உன்னை யாரும் பாராட்டவில்லை. உன் உழைப்புக்காகத்தான் பாராட்டினார்கள். அந்த நீ, பொங்கலுக்கு நான் வந்தபோது எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி வைத்திருந்தாய். ஓட்டல் டப்பாக்கள் மட்டும் பதினொன்று இருந்தன. எல்லாம் ஒரு ஆள் சாப்பிடும் அளவு, பாதிக்கு மேல் தொடாமலே மூடியிருந்தன. நான் பிரித்து வைத்ததற்கு, "குப்பையையாவது விட்டு வைம்மா" என்றாய். அதன்பிறகு நீ பேசவில்லை. உன் பொருளைக் கிளறுவதாக நினைத்துக்கொண்டாய். நான் குப்பையைத்தான் பிரித்தேன், கண்ணு. டப்பாக்களையும் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம். சூடான சாப்பாட்டைச் சமைத்துச் சாப்பிட்டால் டப்பாவே வராது.

இவ்வளவு சொல்கிற நான் செய்ததையும் எழுத வேண்டும். பழைய வீட்டுப் புழக்கடையில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க நாள்தோறும் பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் நான்தான் போட்டேன். விறகு ஈரமான நாட்களில் பிய்ந்த செருப்பும் உன் பழைய மழைக்கோட்டும்கூட அதில் போயின. பாலிவினைல் குளோரைடு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும் என்பது வேதியியல் நடத்துகிற எனக்குத் தெரியாதா? தெரியும். வகுப்புக்கு நேரமாகிறது என்று போட்டேன். நீ மூன்றாம் வகுப்பில் இழுப்போடு இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினாய். வீட்டில் புகை உண்டா என்று மருத்துவர் கேட்டார். கேஸ் அடுப்புதான் என்று சொன்னேன். அடுத்த நாள் காலையிலும் கவரைக் கொளுத்தித்தான் உனக்கு வெந்நீர் வைத்தேன். அந்த மருத்துவரிடம் முழுவதையும் சொல்லியிருந்தால் உனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். கேட்கிற மருத்துவரிடம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் கண்ணு, வெட்கமாக இருந்தாலும்.

பேரனுக்கு இதைப் படித்துக் காட்டும்போது இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டாம். குப்பையை எரிக்காதீர்கள் என்று அவன் சொல்லும்போது, தன் பாட்டி எரித்தாள் என்றும் சொல்லட்டும்.

அப்பா மாடியில் இரண்டு மண் தொட்டிகளில் உரம் போடுகிறார். ஈரக் கழிவின் மேல் காய்ந்த இலையைப் பரப்பிப் புளித்த மோரைத் தெளித்தால் நாற்றமே இல்லை. அடுத்த மாதம் வரும்போது ஒரு தொட்டி கொண்டு வருகிறேன். பத்து நாளாவது தங்குவேன். வேண்டாம் என்று சொல்லாதே. அதுவரை பால் கவரைக் கழுவிக் காயவை.

மாத்திரை அட்டைகளைப் பற்றி எழுத மறந்தேன். பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் பழைய பேப்பர் கடையில் அவற்றை எடுப்பதில்லை. பொங்கலின்போது அந்தப் பையில் ஒரே பெயர் போட்ட அட்டைகள் ஒன்பது இருந்தன. இனிமேல் அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாமல் ஒரு துணிப்பையில் சேர்த்து வை. நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா