ஆண்டறிக்கை: சவுத் பிரிட்ஜ் சாலையிலிருந்து தெலுக் ஆயர் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சிங்கப்பூர் முழுவதும் பேருந்தில் ஓடி ஓடிப் பார்க்கும் மரபுச் சுற்றுலாவை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு நடைச் சுற்றுலாவை உருப்படியாகச் செய்வது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவானது. அதன்படி ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டோம்: ஸ்ரீ மாரியம்மன் கோயில், ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், நாகூர் தர்கா, தியான் ஹோக் கெங் சீனக் கோயில், அல்-அப்ரார் பள்ளிவாசல். ஐந்தும் தேசிய நினைவுச்சின்னங்கள்.

நேரத்தை நாம் தீர்மானிக்கவில்லை, வழிபாடுதான் தீர்மானித்தது. மாரியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை. ஆகவே சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கி 11.30க்குள் முடிப்பது என்று வைத்தோம். ஒரு வழிகாட்டிக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தெலுக் ஆயர் நடைபாதையில் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்பதில்லை.

ஆண்டின் பெரும்பகுதி வழிகாட்டிக் குறிப்புகளைத் திருத்துவதிலேயே போனது. பழைய குறிப்பில் மாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு 1827 என்று போட்டிருந்தது. 1827இல் இருந்தது மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான். முதல் கோபுரம் 1903இல் எழுந்தது. இப்போதுள்ள ஆறு நிலைக் கோபுரம் 1925இல் கட்டியது. சுதைச் சிற்பங்களில் பல 1960களில் சேர்ந்தவை. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்ததும் இந்தக் கோபுரத்தால்தான். அங்கே புத்தப் பகோடாவைத் தேடுபவர் மாதம் ஒருவராவது வருகிறார்.

இன்னொன்றும் சேர்த்தோம். மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் ஒதுக்கிய நிலம் தெலுக் ஆயரில்தான் இருந்தது. பெயரிலேயே நீர் உண்டு (மலாயில் ஆயர் என்றால் நீர்), ஆனால் பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே இல்லை. அதனால் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று; 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலை இடம் கிடைத்தது. இதைக் கோயில் வாசலில் சொல்லாமல், நடையின் கடைசியில் தெலுக் ஆயரில் நின்று சொன்னால்தான் மனத்தில் நிற்கிறது.

ஜாமிஆ பள்ளிவாசலை நம்மவர் பெரிய பள்ளி என்பார்கள். பலரும் இரண்டு மினாராக்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே போய்த் தளத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நுழைவாயில் சாலையோடு நேராக நிற்கிறது. தொழுகைக்கூடமோ தொழும் திசையான கிப்லாவை நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்கிறது. சாலைக்கு முகப்பும் மக்காவுக்குக் கூடமும் என்று கட்டியவர்கள் இரண்டையும் சமாளித்த விதம் அந்தக் கோணத்தில் தெரியும்.

நாகூர் தர்காவில் தொடர்ந்து வந்த கேள்வி, "அடக்கம் எங்கே?" என்பது. சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது நாயகத்தின் அடக்கத்தலம் தமிழ்நாட்டின் நாகூரில் உள்ளது; இங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது நினைவிடம். 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. அடுத்துள்ள தியான் ஹோக் கெங்கை 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் கடல்தெய்வம் மாசுவுக்காகக் கட்டினார்கள். வாசல்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்ல மறந்த நாள்களில் குழந்தைகள் அதன்மேல் ஏறி நின்றார்கள். அல்-அப்ரார் 1827இல் குடிசையாக இருந்ததால் குச்சுப் பள்ளி ஆயிற்று. இந்த மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதற்குக் காரணம் இந்தத் தெரு அன்று கடற்கரை. கடல் பின்னர் மண்ணடித்துத் தூர்க்கப்பட்டது. இன்றைய அலுவலகக் கட்டடங்களைக் காட்டி "அங்கேதான் கப்பல்" என்றால் யாரும் நம்புவதில்லை. பழைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு உறையிட்டு வைத்திருக்கிறோம்.

தொண்டூழியர் பயிற்சியில் சென்னைச் சுண்ணச் சாந்து பற்றி ஓர் அமர்வு நடந்தது. இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர்ப் பூச்சு இதுதான். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இப்படிப்பட்ட பழஞ்சுவரில் சிமெண்ட் ஒட்டுப்போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துச் சுற்றியுள்ள பூச்சும் உதிரும்.

குறைகள்: மழைக்கு மாற்று ஏற்பாடு இன்னும் சரியாக இல்லை. செருப்பைக் கழற்றி மாட்டுவதிலேயே நடைக்கு இருபது நிமிடம் போனது. ஆளுக்கொரு துணிப்பை கொடுத்த பிறகு பாதியானது. கால் கழுவும் இடத்தில் ஈரக் கல் வழுக்கும், முதியவர்களுக்குத் துணை ஒருவர் தேவை. அரைக்கால் சட்டையில் வருபவர்கள் பள்ளிவாசலில் அங்கி வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. பதிவின்போதே உடை பற்றிச் சொல்ல வேண்டும்.

வரும் ஆண்டில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரையிலான தைப்பூசப் பாதையை, பூசம் இல்லாத நாளில் நடக்கும் திட்டம் செயலவையின் முன் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த அறிக்கையை ஏற்க முன்மொழிந்து வழிமொழியுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்